மூன்றாம் படியில் ஒரு படகு

1

ஜெர்மனியில் வந்திறங்கியதும் சுங்க அதிகாரி என் பெட்டியைத் திறந்தார். உள்ளேயிருந்து பதினான்கு பேர் அவரைப் பார்த்துச் சிரித்தார்கள். எல்லாரும் காஞ்சிபுரத்துக்காரர்கள், காகிதக்கூழில் செய்து வர்ணம் பூசப்பட்டவர்கள். பழைய தமிழ் நாளிதழிலும் என்னுடைய உள்பாவாடைகளிலும் சுற்றி, ஒருவர் மேல் ஒருவராக அடுக்கியிருந்தேன்.

அதிகாரி முதலில் எடுத்தது தொப்பையும் கழுத்துப்பட்டையுமாக உட்கார்ந்திருந்த ஒரு பொம்மையை.

"இது யார்?"

"குடிவரவு அதிகாரி" என்றேன்.

அவர் பொம்மையின் தொப்பையைப் பார்த்தார். தன் வயிற்றை லேசாக உள்ளே இழுத்துக்கொண்டார். அடுத்ததாக முதுகில் பையோடு இருந்த ஒரு ஆளை எடுத்தார்.

"இவர்?"

"அகதி."

"ஏன் இவ்வளவு சந்தோஷமாக இருக்கிறார்?"

இதற்கு விளக்கம் சொல்ல ஆரம்பித்தால் அடுத்த ரயிலும் போய்விடும். பக்கத்தில் என் பதினாறு வயது மகள் நிலா, இந்த அம்மா யாரோ நான் யாரோ என்று கூரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். "அச்சு அப்படி, ஐயா" என்றேன். அவருக்கு என்ன புரிந்ததோ, பெட்டியை மூடி, போங்கள் என்று கையைக் காட்டினார். இந்த நாட்டுக்கு வந்து இந்த அக்டோபரோடு பதினெட்டு வருஷம் ஆகிறது. ஒரு அதிகாரி என்னிடம் ஒரு படிவமும் கேட்காமல் அனுப்பியது அன்றைக்குத்தான்.

2

இந்தப் பதினான்கு பேரும் எதற்கு வந்தார்கள் என்று சொல்லிவிடுகிறேன்.

நாங்கள் இருப்பது தென் ஜெர்மனியில் ஒரு சின்ன ஊர். என் கணவர் சேகர் இங்கே ஒரு இயந்திரத் தொழிற்சாலையில் வேலைக்கு வந்தவர். நான் சேகருக்கு வந்தவள். பிறந்து வளர்ந்ததெல்லாம் பெரிய காஞ்சிபுரம், அப்பா இன்றைக்கும் தறியில் உட்காருகிறவர். இப்போது வாரத்தில் மூன்று பிற்பகல் நகர நூலகத்தில் புத்தகம் அடுக்குகிறேன். எங்கள் நூலகர் பிரிகிட்டே நல்ல மனுஷி. ஒரே குறை, எதைக் கண்டாலும் அதற்கு ஒரு கண்காட்சி வைக்கவேண்டும் என்பார்.

ஊரின் பழைய விடுதியில் அகதிக் குடும்பங்களைத் தங்கவைக்கப் போகிறார்கள் என்று வசந்தகாலத்தில் செய்தி வந்தது. ரொட்டிக்கடை வரிசையில் பேச்சு வேறு மாதிரி ஆனது. பிரிகிட்டே உடனே நூலக வாசலில் ஒரு பெட்டியை வைத்து, 'வந்தவர்களைப் பற்றி நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?' என்று எழுதி ஒட்டினார். பெயர் போடத் தேவையில்லை என்றதும் ஜனங்கள் மனம் திறந்து எழுதித் தள்ளினார்கள். சீட்டுகளை வகை பிரிக்கும் வேலை எனக்கு வந்தது. 'வேலையைப் பிடுங்கிக்கொள்கிறார்கள்' ஒரு கட்டு. 'வேலையே செய்வதில்லை' ஒரு கட்டு. சில சீட்டுகளில் இரண்டும் ஒரே கையெழுத்தில் இருந்தன. 'எல்லாரும் படகில்தான் வருகிறார்கள்', 'ஏழை என்கிறார்கள், கையில் விலையுயர்ந்த போன் இருக்கிறது', இப்படி நிறைய. ஒன்றில் மட்டும், 'எல்லாரும் மோசம், நூலகத்தில் புத்தகம் அடுக்கும் அம்மாவைத் தவிர' என்று இருந்தது.

அதை மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டேன். எனக்குப் பெருமையாக இருந்தது. அதை மறைப்பானேன்?

அக்டோபரில் இந்தத் தப்பெண்ணங்களுக்கெல்லாம் பதில் சொல்கிற மாதிரி ஒரு கண்காட்சி என்று முடிவானது. பள்ளிப் பிள்ளைகள் படக்கதை வரைந்தார்கள். ஒரு புகைப்படக்காரர் அகதிகளின் கைகளை மட்டும் படம் எடுத்தார். ஏன் கையை மட்டும் என்று நான் கேட்கவில்லை. "உங்கள் ஊரில் இப்படி ஒன்றைச் சொல்ல என்ன செய்வீர்கள், கற்பகம்?" என்று பிரிகிட்டே கேட்டார். அக்டோபர் என்றதும் எனக்கு ஒன்றுதான் தோன்றியது. "கொலு வைப்போம்" என்றேன்.

நம் கொலுவில் எதற்குத்தான் இடமில்லை? கிரிக்கெட் ஆட்டம், கல்யாண ஊர்வலம், காய்கறிச் சந்தை எல்லாம் சாமியோடு சேர்ந்து உட்காருகிறபோது விசா தருகிற வெளிநாட்டவர் அலுவலகம் மட்டும் என்ன பாவம் செய்தது? ஆகஸ்ட் விடுமுறையில் காஞ்சிபுரம் போய்ப் பொம்மைக்குச் சொல்லிவிட்டு, திரும்பும்போது கையோடு கொண்டுவருவதாக ஏற்பாடு.

3

பொம்மைக்காரத் தெருவில் ஏழுமலை அண்ணனிடம் எங்கள் வீட்டுக்குப் பழக்கம் உண்டு. சின்ன வயதில் நான் உடைத்த பொம்மைகளுக்கெல்லாம் மூக்கு ஒட்டிக்கொடுத்தவர். ஊருக்குப் போன மறுநாளே ஷேர் ஆட்டோ பிடித்துப் போனோம். வாசலில் தலையில்லாத பிள்ளையார்கள் வரிசையாகக் காய்ந்துகொண்டிருந்தார்கள்.

"அகதி செட்டா? அப்டி ஒண்ண இதுவரைக்கும் யாரும் கேட்டதில்லியேம்மா" என்றார். "ஆஸ்பத்திரி செட்டு இருக்குது, எடுத்துக்கினு போறியா? டாக்டரு, நர்ஸு, குளுக்கோஸ் பாட்டிலு எல்லாம் இருக்குது."

நான் விளக்கினேன். தலையாட்டிக் கேட்டுக்கொண்டார். நான்கு நாள் கழித்துப் போனால் ஒரு மாதிரி பொம்மை தயாராக இருந்தது. கிழிந்த வேட்டி, ஒட்டிய வயிறு, நீட்டிய கை.

"இன்னாண்ணா இது, கோயில் வாசல்ல உக்காந்துக்கினு இருக்கிறவரு மாதிரி?"

"அகதின்னா அப்டித்தானேம்மா இருப்பாங்க?"

"இல்லண்ணா. குளிர் கோட்டு போட்டிருப்பாங்க. முதுகுல பை இருக்கும். கையில போன் இருக்கும். அவங்கள்ல டீச்சர் இருப்பாங்க, டெய்லர் இருப்பாங்க, உங்கள மாதிரி பொம்மை செய்யறவரும் இருப்பாரு."

"போன வெச்சிக்கினு நின்னா அகதின்னு எவம்மா நம்புவான்?"

ஜெர்மன் மொழியில் நான் கட்டுப்போட்டு வைத்த அதே சீட்டு, ஏழாயிரம் கிலோமீட்டர் தள்ளி, வாயில் வெற்றிலையோடு. "போன் இல்லன்னா எந்தப் பக்கம் போறதுன்னு எப்டிண்ணா தெரியும்? ஊட்ட உட்டு ஓடறவங்களுக்கு வழி தெரிய வேணாமா?" என்றேன். கொஞ்சம் யோசித்தார். "அதுவும் கரெக்ட்டுதான். நானே திருப்பதிக்குப் போறப்ப போனப் பாத்துக்கினுதான் போறேன்" என்றார்.

அடுத்தது அச்சுப் பிரச்சினை. புது அச்சு போடவேண்டுமானால் தை மாதமே வந்திருக்கவேண்டும், இப்போது இருக்கிற அச்சில்தான் முடியும் என்று சொல்லிவிட்டார். இருந்தது சம்பந்தி வரவேற்பு செட். பெண் வீட்டார் வாசலில் நின்று மாப்பிள்ளை வீட்டாரைக் கைகூப்பி வரவேற்பார்கள், எல்லாருக்கும் காதுவரை சிரிப்பு. அண்ணன் கூப்பிய கைகளை அறுத்து எடுத்துவிட்டுப் பையும் போனும் குழந்தையும் கொடுத்தார், சிலரை ஒரு படகில் ஏற்றினார். பட்டுப்புடவைகளின் மேல் கோட்டு ஏறியது. மளிகைக்கடைச் செட்டியாருக்குக் கழுத்துப்பட்டை கட்டி அதிகாரியாக்கினார். அவர் முன்னாலிருந்த அரிசி பருப்புக் குவியல்கள் வெள்ளையடிக்கப்பட்டு ஃபைல் கட்டுகளாயின. சிரிப்பு மட்டும் போகவில்லை.

"படகுல வர்றவங்க ஏண்ணா இப்டி சிரிக்கிறாங்க?"

"சிரிப்பு அச்சிலியே இருக்குதும்மா. அத சொரண்டுனா மூஞ்சியே பூடும்."

கண் எழுதுவது எப்போதும் கடைசி வேலை. அதை முன்பெல்லாம் அண்ணனே செய்வார். இப்போது தபன் செய்கிறார். கல்கத்தாப் பக்கத்திலிருந்து வந்தவர், நாற்பது வயதிருக்கும், தமிழில் நன்றாகத் திட்டவே கற்றுக்கொண்டிருக்கிறார். அவர் கேட்கும்படியே அண்ணன் என்னிடம், "இந்த வடக்கத்தி ஆளுங்க வந்து நம்ம பசங்க வேலையெல்லாம் பூட்ச்சும்மா. ஒருத்தனும் சரியில்ல" என்றார். உடனே தபன் பக்கம் திரும்பி, "இவன் வேற. இவன் நம்ம ஆளு" என்றார். தபன் மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு கண் எழுதுவதைத் தொடர்ந்தார்.

நான் அந்தச் சீட்டைக் கைப்பையில் வைத்திருந்தவள். எனக்கு அப்போதே உறைத்திருக்கவேண்டும். பொம்மைக்குக் கோட்டின் நிறம் சொல்லும் மும்முரத்தில் விட்டுவிட்டேன்.

இரண்டு பொம்மைகளுக்கு நானே அடையாளம் சொன்னேன். மஞ்சள் புடவையும் சக்கரம் வைத்த பெட்டியுமாக ஒன்று, அது நான். படகில் பச்சைக் கோட்டோடு ஒன்று, அது மலரக்கா.

4

மலரக்கா யாழ்ப்பாணத்துக்காரர். முதியோர் இல்லச் சமையலறையில் வேலை செய்கிறார். இந்த ஊரில் எனக்கு அவர்தான் எல்லாம். நிலா பாதி வளர்ந்தது அவர் வீட்டில். அதனால் அவள் தமிழே பாதி யாழ்ப்பாணம். காஞ்சிபுரத்தில் அவள் ஆமாம் என்பதற்கு "ஓம்" என்றால் என் அண்ணி விழுந்து விழுந்து சிரிப்பார். "இன்னாடி, நம்ம ஊருக்கே வந்து சிலோன் பாஷை பேசுற?" பிள்ளைகள் தமிழை மறந்துவிடுவார்கள் என்றுதான் எல்லாரும் கவலைப்படுவார்கள். என் பிள்ளை வேறு தமிழுக்குக் குடிபோய்விட்டாள்.

கண்காட்சி சனிக்கிழமை திறப்பு. மலரக்கா நாலு வார்த்தை பேசுவதாக பிரிகிட்டேயிடம் நான்தான் சொல்லிவைத்திருந்தேன். அவரைத் தவிர வேறு யாருக்கு இதெல்லாம் தெரியும்?

புதன்கிழமை நல்ல நேரம் பார்த்துக் கொலு வைத்தேன். நூலக அலமாரிப் பலகைகளில் ஐந்து படி. உச்சியில் சாமிகள், அதற்குக் கீழே கலசமும் மரப்பாச்சிகளும். மூன்றாம் படியில் மஞ்சள் புடவையில் நானும், விமானத்தில் வந்த இன்னும் இரண்டு பேரும். நாலாம் படியில் அதிகாரி, அவர் முன்னால் வரிசை. ஐந்தாம் படியில், கண்ணாடித் தகட்டைத் தண்ணீராக்கி, அதன் மேல் படகு. பக்கத்தில் வாத்து, பசு, முளைப்பாரி. நான் சொல்லச் சொல்ல நிலா பெயர் அட்டைகளை ஜெர்மனில் எழுதினாள். என் பொம்மைக்கு, 'கற்பகம். விசாவோடு வந்தவர்.'

வியாழக்கிழமை வேலை முடிந்து மலரக்கா பார்க்க வந்தார். கோட்டைக்கூடக் கழற்றவில்லை. மேலிருந்து கீழே ஒவ்வொரு படியாகப் பார்த்தார்.

"மூண்டாம் படியில நிக்கிறது ஆர்?"

"நான்தான் அக்கா. மூக்குத்தி கூட வெச்சிருக்காரு பாருங்க."

அட்டையைப் படித்தார். பிறகு குனிந்து கடைசிப் படியைப் பார்த்தார். படகில் இருந்த பச்சைக் கோட்டையும், தன் பச்சைக் கோட்டையும் பார்த்தார்.

"உது நானோ?"

"ஆமா அக்கா." என் குரல் அப்போதுதான் இறங்கியது. "கொலுவில தண்ணி, குளமெல்லாம் கீழ்ப் படியில வெக்கறதுதான் வழக்கம்."

"ஓம். வழக்கம்தான்" என்றார். கைப்பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டார். "நான் வாறன்."

நிலா என்னைப் பார்த்தாள். பசுவுக்கும் வாத்துக்கும் நடுவில் அந்தப் படகு சிரித்துக்கொண்டிருந்தது.

5

வீட்டுக்கு வந்து சேகரிடம் சொன்னேன். "வழக்கம்தானே, இதுல இன்னா தப்பு?" என்றார். சரி, தண்ணீர் கீழே இருப்பது வழக்கம். நான் மூன்றாம் படியில் இருப்பது யார் வைத்த வழக்கம்? விசா என்று அட்டை எழுதச் சொன்னது எந்த சாஸ்திரம்?

இந்த ஊருக்கு வந்த இரண்டாவது வாரம், ஆசியக் கடையில் அரிசி மூட்டையோடு திணறிக்கொண்டிருந்தேன். ஒரு பெண் தமிழில், "நீங்கள் எந்த காம்ப்?" என்று கேட்டார். முகாமிலிருந்து வந்தவள் என்று நினைத்துவிட்டார். நான் பதறிப்போனேன். "ஐயையோ, நாங்க அகதியெல்லாம் இல்லைங்க. வேலைக்கு வந்தவங்க." புடவையில் சேறு பட்டால் உதறுகிற மாதிரி சொன்னேன். அவர் "நல்லது" என்று மட்டும் சொல்லி, என் அரிசி மூட்டையின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு பஸ் வரைக்கும் வந்தார். அவர்தான் மலரக்கா.

அதற்குப் பிறகு எனக்கு எந்தப் படிவத்தில் எங்கே கையெழுத்து என்று காட்டியவர் அவர். வெளிநாட்டவர் அலுவலகத்தில் விடியற்காலையிலேயே போய் நின்றால்தான் சீட்டு கிடைக்கும். நான் நிறைமாதமாக இருந்தபோது எனக்காகப் பனியில் போய் நின்று இடம் பிடித்தவர் அவர். அந்த அலுவலகத்தில் விமானத்தில் வந்தவருக்கு ஒரு வரிசை, மற்றவருக்கு ஒரு வரிசை என்று கிடையாது. எல்லாருக்கும் ஒரே மஞ்சள் சீட்டு, ஒரே மரப்பெஞ்சு, ஒரே சிடுசிடுப்பு. அங்கே பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தவர்களை நான் பொம்மையாக்கி இரண்டு படி தள்ளி வைத்திருக்கிறேன். எனக்கு வெட்கமாக இருந்தது.

உடனே அவர் வீட்டுக்குப் போனேன். கதவைத் திறந்தார். தேத்தண்ணி போட்டுக்கொடுத்தார். முதியோர் இல்லத்தில் பாத்திரம் கழுவும் இயந்திரம் பழுதானதைப் பற்றிப் பேசினார். குளிர் இந்த வருஷம் முந்திவிட்டது என்றார். திட்டியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும்.

"படிய மாத்திடறேன் அக்கா" என்றேன்.

"படியோ? உம்மட படி, உம்மட பொம்மை."

"சனிக்கிழமை வருவீங்கதானே? எல்லாரும் உங்களத்தான் எதிர்பார்க்கறாங்க."

"என்னையோ, படகில நிக்கிறவவையோ?"

"நீங்க வாங்க அக்கா" என்றேன். "பாப்பம்" என்றார். மலரக்கா பாப்பம் என்றால் இல்லை என்று அர்த்தம். பதினெட்டு வருஷத்தில் அந்த அளவுக்காவது அவரைத் தெரிந்துவைத்திருந்தேன்.

6

வெள்ளிக்கிழமை காலையிலேயே நூலகத்தில் போய் நின்றேன். நிலாவும் பள்ளிக்கு முன்னால் கூட வந்தாள். முதலில் எனக்குத் தோன்றிய யோசனை, மஞ்சள் புடவையை எடுத்துப் படகில் வைத்துவிடுவது.

"அம்மா, நீ ப்ளேன்ல வந்தனீ. சும்மா படம் காட்டாதே" என்றாள் நிலா.

சரி, படகை மேலே ஏற்றலாம். ஆனால் கலசம் வைத்த கொலுவை நடுவில் கலைக்கலாமா? என் கை போகவில்லை. ஒன்பது நாளும் ஒரு பொம்மையைக்கூட அசைக்காத வீட்டில் வளர்ந்தவள். ஏழுமலை அண்ணனுக்குப் போன் போட்டேன். அங்கே மத்தியானம் நெருங்கியிருந்தது.

"கொலு வெச்சப்புறம் நகத்தலாமாண்ணா?"

"சாமிய நகத்தாத. கலசத்தையும் தொடாத."

"மனுசங்கள?"

"மனுசங்க நகந்துக்கினேதானேம்மா இருக்கோம்? இதுக்கு எவன் கேக்கப்போறான்? வெய்யி."

மூன்றாம் படியிலேயே எல்லாரையும் சேர்த்தோம். வரிசையும் அதிகாரியும் அவருடைய ஃபைல் கட்டுகளும் மேலே வந்தன. விமானத்தில் வந்தவர்கள் ஓரமாக ஒதுங்கி இடம் விட்டார்கள். படகுக்கு மட்டும் இடம் போதவில்லை, கால்வாசி வெளியே நீட்டிக்கொண்டு நின்றது. மலரக்கா எப்படி வந்தார் என்பதே எனக்குத் தெரியாது என்று அப்போதுதான் உறைத்தது. படகா, ரயிலா, காட்டு வழியா? பள்ளிப் பிள்ளைகளின் வர்ணப் பெட்டியைக் கடன் வாங்கி, நிலா அந்தப் பச்சைக் கோட்டைப் பழுப்பாக்கினாள். விசா அட்டையைக் கிழித்தேன். புதிய அட்டையில் 'கற்பகம்' என்று மட்டும் எழுதினோம்.

கீழே பசுவும் வாத்தும் தாராளமாக உட்கார்ந்திருந்தன. மேலே மனிதர்கள் நெருக்கியடித்துக்கொண்டு நின்றார்கள்.

7

சனிக்கிழமை மழை. ஆனாலும் நாற்பது பேராவது வந்திருந்தார்கள். ரொட்டிக்கடைக்காரர், பள்ளிப் பெற்றோர்கள், பழைய விடுதியில் அகதிகள் கூடாது என்று ஊரில் வீடு வீடாகக் கையெழுத்து வாங்கியவர்களில் இருவர் உட்பட. பிரிகிட்டே பேசினார். படக்கதைக்குக் கைதட்டினார்கள். நான் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தேன். மலரக்கா இல்லை.

கொலுவைச் சுற்றிக் கூட்டம் சேர்ந்தது. அதிகாரியின் தொப்பையை எல்லாருக்கும் பிடித்துவிட்டது. தொப்பி போட்ட ஒரு பெரியவர் படகுக்கு அருகில் குனிந்து பார்த்துவிட்டு நிமிர்ந்தார். அவர் கேள்வி எனக்கு முன்பே தெரியும்.

"மன்னிக்கவேண்டும், அம்மா. இவர்கள் ஏன் சிரிக்கிறார்கள்? உயிருக்குப் பயந்து ஓடிவருகிறவர்கள் சிரிப்பார்களா?"

நியாயமான கேள்வி. கேட்ட விதத்திலும் குத்தல் இல்லை. அச்சு என்று சொல்ல வாயெடுத்தேன்.

"நாங்கள் சிரித்தோம்" என்று பின்னால் ஒரு குரல் ஜெர்மனில் சொன்னது.

மழையில் நனைந்த குடையோடு மலரக்கா வாசலில் நின்றிருந்தார். எல்லாரும் வழிவிட்டார்கள். நேராக வந்து, முதலில் மூன்றாம் படியைப் பார்த்தார். நீட்டிக்கொண்டிருந்த படகை, விழுந்துவிடும் என்று இரண்டு கையாலும் உள்ளே தள்ளினார். என்னைப் பார்க்கவில்லை. பிறகு கூட்டத்தைப் பார்த்துத் திரும்பினார்.

அவர் சொன்னது இது. எல்லை ஆற்றை ஒரு ரப்பர் படகில் கடக்கவேண்டும், பைகளுக்கு இடமில்லை என்று கூட்டிவந்தவன் சொல்லிவிட்டான். அவருடைய தம்பி உடனே தன்னிடமிருந்த நாலு காற்சட்டைகளையும் ஒன்றின்மேல் ஒன்றாகப் போட்டுக்கொண்டான். படகில் ஏறிய பிறகு அவனுக்கு முழங்கால் மடங்கவில்லை. உட்கார முடியவில்லை. எல்லாரும் பதுங்கிக் குந்தியிருக்க, அவன் மட்டும் நட்ட கம்பமாக நின்றான். கூட்டிவந்தவன் குத்துகிற மாதிரி முறைத்தான். மூன்று பேர் சேர்ந்து அவனைப் படுக்கவைத்தார்கள். படுத்தவன், "அக்கா, குளிரே இல்லை" என்றான். வாயில் துணியை அடைத்துக்கொண்டு சிரித்தோம், சிரிப்புச் சத்தம் கேட்டால் சுட்டுவிடுவார்கள் என்ற பயத்தில் இன்னும் சிரிப்பு வந்தது என்றார்.

கூட்டம் சிரிக்கலாமா கூடாதா என்று தெரியாமல் நின்றது. முன்வரிசையில் ஒரு அம்மாள் கைக்குட்டையை எடுத்துத் தயாராக வைத்துக்கொண்டு, மெல்லிய குரலில், "உங்கள் தம்பி, அவருக்கு என்ன ஆனது?" என்று கேட்டார்.

"பக்கத்து ஊரில் டயர் கடை வைத்திருக்கிறான்" என்றார் மலரக்கா. "இப்போதும் ஒரு காற்சட்டையைக்கூடத் தூக்கிப்போட மாட்டான்."

முதலில் சிரித்தவர் தொப்பிக்காரர். "என் குளிர்கால டயரை அவர்தான் மாற்றினார்!" என்று கத்தினார். அதன் பிறகு நூலகத்தில் அமைதி என்ற பேச்சே இல்லை. கையெழுத்து வாங்கியவர்களில் ஒருவர், டயர் கடைக்காரர் அகதி என்று தனக்குத் தெரியவே தெரியாது, அவர் வேறு மாதிரி ஆள் என்று நினைத்ததாகச் சொன்னார். "எல்லாரும் வேறு மாதிரிதான்" என்றார் மலரக்கா. அந்த ஆள் கொஞ்ச நேரம் கழித்துப் படகுக்குப் பக்கத்தில் போய்த் தனியாக நின்றுகொண்டிருந்ததை நான் பார்த்தேன். மனம் மாறினாரா இல்லையா, எனக்குத் தெரியாது. இன்னொரு தட்டு சுண்டல் வாங்கிச் சாப்பிட்டார், அதைத்தான் நான் உறுதியாகச் சொல்லமுடியும்.

8

கூட்டம் கலைந்ததும் மலரக்கா குடையை எடுத்துக்கொண்டு கிளம்பினார். நான் பின்னாலேயே ஓடி, பஸ் நிறுத்தம் வரைக்கும் கூடவே நடந்தேன். வந்ததற்கு நன்றி என்றேன். பிரிகிட்டேக்கு வாக்குக் கொடுத்தாயிற்று, அதனால் வந்தேன் என்றார்.

"மன்னிச்சிடுங்க அக்கா."

மழை லேசாகத் தூறிக்கொண்டிருந்தது. பஸ் வர ஆறு நிமிஷம் என்று பலகை காட்டியது.

"படகில நாங்கள் ஏழு பேர்" என்றார் சாலையைப் பார்த்தபடி. "இண்டைக்கு நான் சொன்னது கரை ஏறின நாலு பேரின்ர கதை."

"மிச்சம் மூணு பேர் அக்கா?"

அவர் என் பக்கம் திரும்பினார். வியாழக்கிழமைக்குப் பிறகு அப்போதுதான் என் முகத்தை நேராகப் பார்த்தார்.

"பதினெட்டு வருசம் என்ர வீட்டுக்கு வந்து போறீர், கற்பகம். நான் எப்பிடி இஞ்ச வந்தனான் எண்டு நீர் ஒருக்காக் கூடக் கேக்கேல்லை. படி மேல, படி கீழ எண்டதெல்லாம் எனக்குப் பெரிசில்லை. நீர் கேக்கேல்லை. கேக்காமலே பொம்மை செய்துபோட்டீர்."

அழுகை வந்தது, அழுதேன். அவர் என்னைத் தேற்றவில்லை. பஸ் வந்து நின்று கதவு திறந்தது.

"எப்படி வந்தீங்க அக்கா?" என்று கேட்டேன்.

ஓட்டுநர் காத்திருந்தார். மலரக்கா ஒரு காலைப் படியில் வைத்துக்கொண்டு யோசித்தார்.

"நாளைக்கு மூண்டு மணிக்கு வாரும். நான் கோவமாத்தான் இருப்பன். அதுக்காகச் சொல்லாமல் இருக்கமாட்டன்."

மறுநாள் மூன்று மணிக்குப் போனேன். சொன்ன மாதிரியே கோபமாகத்தான் இருந்தார். ஏழு பேருடைய பெயரையும் சொன்னார். அதை இங்கே எழுத எனக்கு அனுமதி இல்லை.